அலமாரிக்குள் கேட்ட விசில்

அந்த வீட்டில் யாரோ விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

மழை மூட்டத்தில் பகலிலேயே அறை இருண்டு கிடந்தது. கீழே கடையில் அப்பாவின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாடியில் ஊசியும் பொத்தானும் மட்டும்தான். இரண்டும் அப்பா வைத்த பட்டப்பெயர்கள். அக்கா ஊசிக்கு வயது பத்து, தம்பி பொத்தானுக்கு ஐந்து. அவனுக்கு ஒரு வாரமாகச் சளி, இருமல். காய்ச்சல் நேற்றுதான் விட்டிருந்தது.

'வீஈ...' என்று மெல்லிய விசில். நின்றது. மறுபடியும் 'வீஈ...'

ஊசி ஜன்னலைச் சாத்தினாள். சத்தம் நிற்கவில்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கேயும் கேட்டது. தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடினாள். கூடத்துக்கு வந்தார்கள். அதுவும் கூடவே வந்தது.

"அக்கா, நம்ம பின்னாலயே வருதுக்கா," என்றான் பொத்தான். அவன் பயப்படப் பயப்பட விசில் வேகமாயிற்று.

"பேசாம வா."

அவனை இழுத்துக்கொண்டு துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். உள்ளே கும்மிருட்டு. பழைய கம்பளியின் தூசியும் பாச்சை உருண்டை நெடியும் மூக்கில் ஏறின. ஊசி மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினாள்.

விசில் இப்போது அலமாரிக்குள் கேட்டது. அவள் கழுத்துக்குப் பக்கத்தில்.

கத்த வாயெடுத்தவள், தம்பியின் முதுகு தன் கைக்கு அடியில் அதிர்வதை உணர்ந்தாள். அவன் மூச்சு விட்டால் விசில். இழுத்தால் அமைதி.

பேயாக இருந்திருந்தாலே தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

கதவை உதைத்துத் திறந்தாள். அவனைக் கூடத்து நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, மாடிப்படியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொத்தானின் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். இந்த வருடத்தில் இது மூன்றாவது மார்புச்சளி என்றார் அப்பா. கிருமியால் மூச்சுக்குழாய் வீங்கினால் இருமல் வரும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அதோடு அந்த மூச்சுக்குழாய் இறுகியும் போகும், தூசி பட்டால் இன்னும் மோசமாகும் என்று டாக்டரம்மா விளக்கினார்.

"மார்புச்சளி, ஆஸ்துமா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இவனுக்கு ஆஸ்துமாவும் இருக்கலாம்னு தோணுது. மூச்சுலதான் விசில் வருதுன்னு யாரு கண்டுபிடிச்சது?"

அப்பா ஊசியைக் காட்டினார். பொத்தானுக்கு இன்ஹேலரில் மருந்து கொடுத்து, அதை எப்படி அழுத்துவது, எத்தனை மூச்சு எண்ணுவது என்று அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார் டாக்டரம்மா. கொஞ்ச நேரத்தில் பொத்தானின் மூச்சு சீரானது.

"அப்ப, நம்ம வீட்டுல பேயே இல்லையா?" என்று கேட்டான் பொத்தான். அவன் குரலில் லேசான ஏமாற்றம் தெரிந்தது.