கீழ்க்கண்ணாடி

காலை ஏழு மணிக்கு அப்புத்துரை முன்னறைக் கதவைத் திறந்தார். எதிர்ச்சுவரோரம் நின்ற பெரிய கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்தது. உடம்பு தெரியவில்லை. நெஞ்சுக்குக் கீழே வெறும் பலகை.

புதுக்குடியிருப்பு வீதியில் இருந்த அந்த வீட்டின் தளபாடங்கள் ஊருக்குள் பெயர் பெற்றவை. நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையிடம் அப்புத்துரையின் தகப்பன் வாங்கியவை. வரிவரியாகக் கடைந்த மெல்லிய நேர்க்கால்களில் நிற்கும் கதிரைகள், சுவரோடு ஒட்டிய அரைவட்ட மேசை, ஆளுயரத்தை மிஞ்சிய கண்ணாடி. பழைய கிரேக்கக் கோயில்களைப் பார்த்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் எழுந்த பாணி அது. கண்ணாடிச் சட்டத்தின் உச்சியில் ஒரு தாழி. தாழியின் இரு பக்கமும் இலைமாலை தொங்கும். எல்லாம் பொன்பூச்சு. அவ்வளவு பெரிய கண்ணாடியை ஒரே தகடாகச் செய்ய அந்நாளில் பெருஞ்செலவு. ஆகவே மேலே ஒன்று, கீழே ஒன்றென இரண்டு தகடுகள் பொருத்தியிருந்தார்கள்.

கீழ்த்தகட்டைக் காணவில்லை. 1959 ஆவணி மாதம். கொழும்பு வியாபாரியின் லொறி பத்து மணிக்கு வர இருந்தது.

எட்டரை மணிக்குச் சப் இன்ஸ்பெக்டர் வீரகத்தி ஜீப்பில் வந்து இறங்கினார். கூட வந்த கான்ஸ்டபிள் சின்னராசா நாலைந்து நாள் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தான். விறாந்தைத் தூணோடு ஒருவனைக் கட்டி வைத்திருந்தார்கள். தளபாடம் மெருகிடும் சரீப்; அந்த வீட்டு அம்மா 'நானா' என்று அண்ணன் முறையில் அழைக்கும் முஸ்லிம். அவனுடைய துவாயாலேயே அவன் கைகளைக் கட்டியிருந்தார்கள்.

"ஐயா, என்னைக் கோட்டுக்குக் கொண்டு போனா, இனி எந்த வீட்டுக்காரர் என்னைப் படியேத்துவினம்?" என்றான் சரீப்.

"பதிலைச் சொல்லும், பிறகு பாப்பம். நேற்று கண்ணாடியைக் கடைசியாத் தொட்டது ஆர்?" என்றார் வீரகத்தி.

"நான்தான். செல்லரிச்ச பின்பலகைக்கு எண்ணெய் பூசி, ஆணியளைச் சும்மா செருகிப் போட்டுப் பொழுதுபடப் போனனான்."

"முன்பக்கம் துடைச்சீரோ?"

"இல்லை ஐயா. கண்ணாடியை முதல்லை துடை எண்டு முதலாளி சொன்னவர். அம்மா வாசல்லை நிண்டு, அது கடைசியாச் செய்யலாம், கதிரையளைப் பாருங்கோ நானா எண்டவ. இண்டைக்குக் காலமை துடைக்கிறதா இருந்தது."

அப்புத்துரை பொறுமை இழந்தார். "ஆணியைச் செருகினவனுக்குத்தானே கழட்டத் தெரியும்! விறாந்தைக் கதவு நாங்கள் பூட்டுறேல்லை எண்டும் இவனுக்குத் தெரியும். மேலையுள்ளது எட்டேல்லை, கீழையுள்ளதைத் தூக்கிக்கொண்டு போட்டான்."

வீரகத்தி சட்டத்தின் அருகே பார்த்தார். சரீப்பின் ஏணி அங்கேயே சாத்தியிருந்தது.

"பொன் பூசின சட்டத்தை விட்டிட்டுப் புள்ளி விழுந்த பழங்கண்ணாடியிலை பாதியை எடுத்த கள்ளனை இப்பதான் காணுறன்."

"மூளை இருந்தா அவன் ஏன் சேர் களவெடுக்கிறான்?" என்றான் அதற்குள் வீட்டையும் வளவையும் தேடிவிட்டு வந்த சின்னராசா. "அறையள், கிணத்தடி, வைக்கோல்போர், நெல்லுக் கொம்பறை எல்லாம் பாத்தாச்சு. ஒண்டும் இல்லை."

வீரகத்தி குந்தியிருந்து சுவரைப் பார்த்தார். உள்வாசலின் ஓரம், முழங்கால் உயரத்தில், வெள்ளைச் சுண்ணாம்பின் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் உராய்வு. விரலால் தொட்டார். விரலில் வெள்ளி போல மினுங்கியது. கண்ணாடியின் பின்பக்க ரசம்.

அப்புத்துரையின் மனைவி பத்மாசனி தேநீர்த் தட்டோடு வந்தார். முதல் கோப்பையைத் தூணடிக்குக் கொண்டுபோனார்.

"இவரை அவிட்டு விடுங்கோ. இவர் எடுக்கேல்லை."

"எப்பிடித் தெரியும் அம்மா?"

"தெரியும்."

அவர் பார்வை போன திசையில், சுவரில் ஒரு சிறுமியின் படம் இருந்தது. அன்று காலை கட்டிய மாலை.

"மகளோ?"

"அருந்ததி," என்றார் அப்புத்துரை. "ஏழு வயசு. போன மாரியிலை காய்ச்சல். அதுக்குப் பிறகு இவ இந்த அறைக்கை வாறேல்லை. கண்ணாடியையும் நேற்று இரவுவரை சீலை போட்டு மூடி வைச்சிருந்தவ. அதுதான் எல்லாத்தையும் வித்துத் துலைக்கிறன்."

வீரகத்தி தேநீரைக் குடித்து முடித்தார். சரீப்பை அவிழ்க்கச் சொன்னார். மேல்தகட்டைக் கழற்றி இறக்கி வைக்கும்படி பணித்தார். சரீப் ஏணியில் ஏறிக் கழற்றினான்; இறங்கினான்; யாரும் சொல்லாமலே தகட்டைத் திருப்பி, முகம் சுவரைப் பார்க்கச் சாத்தினான்.

"ஏன் அப்பிடி வைச்சனீர்?"

"முதுகு உராஞ்சா ரசம் போயிடும் ஐயா. பிறகு அது வெறும் கண்ணாடி."

"கேட்டியளே அப்புத்துரை?" வீரகத்தி உள்வாசல் சுவரைக் காட்டினார். "எடுத்த ஆள் கண்ணாடியின்ரை முதுகைச் சுவரிலை சாத்தி, ரசத்தை உராய விட்டிருக்கு. சரீப் எண்டா அப்பிடிச் செய்யான். விக்க எடுத்தவனும் செய்யான். அந்த ஆளுக்கு முகம் பாக்கிற கண்ணாடி தேவையில்லை. முன்பக்கத்திலை ஒண்டும் படக்கூடாது, அவ்வளவுதான். உராய்வு இருக்கிறதும் வெளிவாசல்லை இல்லை, உள்வாசல்லை. கண்ணாடி வீட்டுக்கைதான் போயிருக்கு."

அப்புத்துரை குனிந்து உராய்வைப் பார்த்தார்.

"சின்னராசா, சாமியறை பாத்தீரோ?"

"அதுக்கை எப்பிடி சேர்? என்ரை சித்தப்பா செத்த துடக்கு எனக்கு. கிட்டவும் போகேல்லை."

வீரகத்தி வெறுஞ்சட்டத்தின் முன்னால் போய் நின்றார். "இந்தக் கீழ்த்தகட்டிலை எனக்கு என்ன தெரியும்? என்ரை காற்சட்டை. உங்களுக்கு உங்கடை வேட்டி. அதிலை முகம் பாக்கக்கூடின உயரத்திலை இந்த வீட்டிலை இருந்தது ஒரே ஒரு ஆள்தான்." அவர் குரல் தணிந்தது. "நீங்கள்தான் எடுத்தது அம்மா. முன்பக்கத்திலை என்ன இருந்தது?"

பத்மாசனி தட்டை அரைவட்ட மேசையில் வைத்தார்.

"பொட்டு," என்றார். "வருசப்பிறப்புக்குத் தலையிலை மருத்துநீர் வைச்சுத் தோயவாத்துப் போட்டு, கண்ணாடிக்கு முன்னாலை நிப்பாட்டுவன். அவளின்ரை நெத்தி தெரியிற இடத்திலை கண்ணாடியிலை ஒரு சாந்துப் பொட்டு. ஒவ்வொரு வருசமும். ஆடாமல் நில்லடி எண்டா நாக்கை நீட்டுவாள். நானாவின்ரை துணியிலை அவ்வளவும் ஒரு இழுவையிலை போயிடும்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே," என்றார் அப்புத்துரை.

"நீங்கள் மறக்கத்தானே விக்கிறியள்."

"நீர் பாக்க ஏலாமல் சீலையாலை மூடினனீர் எண்டெல்லோ நான் விக்க வெளிக்கிட்டது!"

"தூசி படக்கூடாதெண்டு மூடினனான்."

சரீப் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். "எனக்காவது சொல்லியிருக்கலாம் அம்மா. துணியே எடுத்திருக்கமாட்டன்."

"ஜீப்பைக் கண்டவுடனை சொல்லத்தான் வந்தனான் நானா. வாய் வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் சாமியறையைத் திறந்தார். விளக்குக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாத்தியபடி கீழ்த்தகடு நின்றது. வாசலில் நின்ற அப்புத்துரைக்கு அதில் தன் வேட்டிதான் தெரிந்தது. தரையில் இருந்தார். இப்போது முகம் தெரிந்தது. அவர் முகத்தின் மேல், மோவாயிலிருந்து நெற்றிவரை, கருஞ்சிவப்புப் பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போயின. கடைசிப் பொட்டுக்கு மேலே கண்ணாடி வெறுமையாக இருந்தது.

வீதியில் லொறியின் ஹோர்ன் கேட்டது.

"கண்ணாடி விக்கேல்லை எண்டு சொல்லிவிடும்," என்றார் அப்புத்துரை, திரும்பிப் பாராமல். பிறகு, "சரீப்... நான் கட்டியிருக்கக்கூடாது."

"ஓம். கட்டியிருக்கக்கூடாதுதான்," என்றான் சரீப்.

அவன் கழுவி வந்த கைகளை வேட்டி மடிப்பில் துடைத்தான். பத்மாசனி தகட்டை வாசல்வரை நகர்த்திக் கொடுத்தார். அவன் விளிம்பை மட்டும் பிடித்துத் தூக்கி முன்னறைக்குக் கொண்டுவந்தான். எந்தப் பக்கத்தைச் சுவரில் சாத்துவது? ஒரு கணம் நின்றான். பிறகு, "அந்தத் துவாயை எடுத்து இதிலை தொங்கவிடுங்கோ முதலாளி," என்றான்.

தான் கட்டிய துவாயை அப்புத்துரையே எடுத்து, மடித்து, சுவரோடு பிடித்தார். சரீப் அதன் மேல் கண்ணாடியின் முதுகைச் சாத்தினான். பொட்டுகள் அறையைப் பார்த்து நின்றன.