வெட்டுப் பிசகிய நோட்டுகள்

கதவைத் திறந்தவன் தேவைக்கு மேல் சிரித்தான். பூதக்கண்ணாடிக்கு அது பிடிக்கவில்லை.

பிழையாக அச்சான ரூபாய் நோட்டுகளையும் கோணலாக வெட்டுப்பட்ட நோட்டுகளையும் பார்த்து அசலா போலியா என்று சொல்வது அவருடைய தொழில். லென்ஸும் கையுமாகவே திரிந்ததால் சேகரிப்பாளர்கள் அவருக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். கடைக்காரர் தரும் மீதியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் பைக்குள் போடமாட்டார். பெண்டாட்டி கொடுத்தாலும் தடவிப் பார்ப்பார் என்று கேலி பேசுவார்கள். அது முழுக்கக் கேலியும் அல்ல.

பழைய மாடி வீடு. மதிய நேரம்தான், ஆனாலும் கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. மூடியே கிடந்த ஜன்னல்களிலிருந்து ஈர மரத்தின் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. புது நோட்டுக் கட்டைப் பிரிக்கும்போது மூக்கில் ஏறுமே, அது.

அச்சு மை.

இங்கேயே அடிக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவன் கதையைச் சொன்னான். அவனுடைய அண்ணன் நோட்டு அச்சகத்தில் மெஷின்காரன். ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அச்சடித்த தாள்களோடு ஓடிவிட்டான் என்றது அச்சகம். போலீஸ் வந்து வீட்டைப் புரட்டிப் போட்டதில் ஒரு தாளும் அகப்படவில்லை, ஆளும் அகப்படவில்லை. திருடன் பெண்டாட்டி என்ற பெயரோடு அண்ணி மட்டும் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் பிழை நோட்டுகள் வரத் தொடங்கின. காய் வாங்கினால் மீதியில் ஒன்று. பாங்கில் பணம் எடுத்தால் நடுவில் ஒன்று.

“அண்ணிக்கு மட்டும்தான் சார் வருது. நீங்க அசல்னு எழுதிக் கொடுத்தா சேகரிக்கிறவங்ககிட்ட நல்ல விலைக்கு வித்துரலாம்.”

பூதக்கண்ணாடி மேசையைப் பார்த்தார். ஆயுசுக்கும் பணம் எண்ணும் காசாளருக்கே அப்படி ஒரு நோட்டு கிடைப்பது அபூர்வம். இங்கே மேசை நிறையக் கிடந்தது. அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நோட்டுகளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாமே வெட்டுப் பிசகியவை. ஓரத்தில் பக்கத்து நோட்டின் ஒரு கீற்று ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தரியால் வெட்டியிருந்தால் விளிம்பில் பிசிறு இருக்கும். இல்லை. மேடாக நிற்கும் மையை விரல் நுனியால் தடவினார். சரியாகத்தான் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

ஒவ்வொரு நோட்டிலும் ஓரிடத்தில் அச்சே இல்லை. மை போட்ட தகட்டுக்கும் தாளுக்கும் நடுவே ஏதாவது விழுந்தால் அப்படி வெள்ளை விழும். மருந்து வைத்து மையை அழித்தும் அப்படிச் செய்யலாம். அழித்திருந்தால் தாள் சொரசொரப்பாக இருக்கும், முகர்ந்தாலே தெரியும். அப்படியும் இல்லை. விளக்கைச் சாய்த்து, வெள்ளை மேல் லென்ஸை வைத்தார்.

வெள்ளைக்குள் கோடுகள் இருந்தன.

மையால் விழுந்த கோடுகள் அல்ல. தாளில் அழுந்திய கோடுகள். சுழித்துச் சுழித்து, நெருக்கமாக.

ஒரு விரலின் ரேகை.

அப்போது மாடியிலிருந்து சத்தம் வந்தது. ஒரு கட்டுத் தாளை மேசையில் தட்டித் தட்டி ஓரம் சேர்ப்பதுபோல. டப், டப். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் டப்.

மேலே யார் என்று கேட்டார். யாரும் இல்லை, அறை பூட்டிக் கிடக்கிறது என்றான் கொழுந்தன். சொன்னானே தவிர அவன் முகம் வெளிறியது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று படியேறினான்.

அவன் தலை மறைந்ததும் அண்ணி மேசைக்கு அருகில் வந்தாள்.

“போலின்னு சொல்லிடுங்க,” என்றாள், மூச்சுக் காற்றில்.

“ஏம்மா?”

“ஓடிப்போனவர்னா எங்கேயாவது உயிரோட இருப்பாரு. திட்டிக்கிட்டாவது இருக்கலாம்.”

அவள் சொல்ல வருவது அவருக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் கை தானாக நோட்டுகளை நகர்த்தத் தொடங்கியது. பிசகிய ஓரத்துக்கு அதன் பக்கத்து நோட்டு எது என்று பார்ப்பது அவருடைய பழக்கம். ஒன்றின் ஓரக் கீற்று இன்னொன்றின் வெட்டில் பொருந்தியது. அதனோடு அடுத்தது. வெட்டுவதற்கு முன்பிருந்த பெரிய தாள் மேசையில் மெல்ல உருவானது.

வெள்ளைகளும் சேர்ந்தன.

இரண்டு உள்ளங்கைகள், விரல்களை விரித்தபடி. நடுவில் ஒரு பக்கமாய்த் திரும்பிய முகம். கன்னம், மூக்கு, திறந்த வாய்.

பூதக்கண்ணாடி லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். யாரோ கெட்டிக்காரத்தனமாகச் செய்த வேலை இது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அடியில் அச்சாகியிருந்த ஆண்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் ஆண்டு. எல்லாம் அண்ணன் காணாமல் போன பிறகு வந்தவை. அவன் காலத்துப் பழைய மெஷினை அப்போதே கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்பது தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

வெவ்வேறு ஆண்டு நோட்டுகள் ஒரே தாளாகச் சேர வழியே இல்லை.

சேர்ந்திருந்தன.

அண்ணி குனிந்து பார்த்தாள். அழவில்லை. தாளிலிருந்த இடது கையின் சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அதன்மேல் தன் விரலை வைத்தாள்.

“அவர் கைதான். இந்த விரல் சின்ன வயசுல ஒடிஞ்சது.”

கொழுந்தன் படியிறங்கி வந்தான். பூட்டு போட்டபடியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவன், மேசையைப் பார்த்ததும் பாதிப் பேச்சில் நின்றான். தனித்தனியாக அவற்றை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். சேர்த்துப் பார்த்ததில்லை.

அசலா என்று அண்ணி கேட்டாள். பூதக்கண்ணாடி இத்தனை காலத் தொழிலில் பொய் சொன்னதில்லை. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவள் விரல் இன்னும் அந்த விரலின் மேலேயே இருந்தது.

“அசல்தாம்மா.”

அவள் தலையாட்டினாள். பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பினாள். அண்ணன் காணாமல் போன அன்று அவன் அச்சகத்து வாசலில் காவலுக்கு நின்றவன் என்பது அவள் கேட்டபோதுதான் பூதக்கண்ணாடிக்குத் தெரிந்தது.

“கக்கத்துல பையோட அவர் வெளியில போறதைப் பார்த்தேன்னு வாசல்ல காவலுக்கு நின்ன நீதானே தம்பி சொன்னே?”

 மாடியில் மறுபடியும் டப் என்றது. இந்தத் தடவை படிக்குப் பக்கத்தில்.

“அப்படிச் சொல்லச் சொன்னாங்க, அண்ணி,” என்றான். யார் சொன்னார்கள், அன்று மெஷினுக்குள் என்ன நடந்தது, அவர் உடம்பின் மிச்சத்தை என்ன செய்தார்கள் என்று அவள் அடுக்கடுக்காகக் கேட்டாள். அவன் மேசையிலிருந்ததை அள்ளிக் கிழிக்கப் போனான். தொட்டவன் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினான்.

அசல் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பூதக்கண்ணாடி அதை அண்ணியிடம் கொடுத்தார். விற்க அல்ல, என் புருஷன் திருடவில்லை என்று நாலு பேரிடம் காட்ட வேண்டும் என்றாள். கூலி வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பயமும் ஒரு காரணம்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு காலையில் அவளிடமிருந்து போன் வந்தது. குரல் தெளிவாக இருந்தது. வீட்டில் சத்தம் இல்லை, வாசனை இல்லை, நன்றாகத் தூங்குகிறாளாம். நோட்டுகளும் வருவதில்லை.

“மீதி வாங்கினா இன்னும் திருப்பித் திருப்பிப் பாக்குறேன். ஒண்ணு வராதான்னு இருக்கு,” என்றாள்.

அவர் கொழுந்தனைப் பற்றி விசாரித்தார்.

 இப்போது அவனுக்குத்தான் வருகிறது என்றாள். சம்பளம், மீதி, எதைத் தொட்டாலும். பயந்துபோய்ப் பணம் தொடுவதையே விட்டுவிட்டான். அப்புறம் அவன் கையிலிருந்த செய்தித்தாளில் ஒரு வெள்ளை விழுந்தது. நேற்று பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டிலும். அதை எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் ஓடி வந்து, அண்ணி தொட்டுப் பாருங்கள் என்று நீட்டினானாம்.

பூதக்கண்ணாடி லென்ஸைக் கையில் இறுக்கிக்கொண்டார். “தொட்டீங்களா?”

“தொட்டேன்.”

“எப்படி இருந்துச்சு?”

“வெதுவெதுன்னு,” என்றாள் அவள். “உள்ளங்கை மாதிரி.”