நாற்பத்தேழாம் எண் மூடி

டிரிங் என்பது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. ஓயாமல் சைக்கிள் மணியை அடிப்பதால் தெருவே சேர்ந்து வைத்த பட்டப்பெயர். எதிரே ஆள் வந்தால் அடிப்பாள். வழியில் நாய் படுத்திருந்தால் அடிப்பாள். சும்மா நிற்கிற காருக்கும் அடிப்பாள். "அது ஓடவே இல்லையே, அதுக்கு எதுக்கு மணி?" என்று கேட்டால், "கதவு திடீர்னு திறந்தா என்ன பண்றது?" என்பாள். ஒருமுறை அப்படித் திறந்திருக்கிறது. அதனால் அவளைக் குறை சொல்வதற்கில்லை.

அவளுக்கு வயது பதினொன்று. பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர் என்பது காதில் கேட்கத்தான் சின்னது. காலையில் எதிர்க்காற்று அடிக்கும். போகட்டும், சாயங்காலம் இதே காற்று முதுகைத் தள்ளிவிடும் என்று நினைத்தால், அதுவும் பள்ளிக்கூடம் விட்டதும் திரும்பிக்கொண்டு எதிரிலேயே அடிக்கும். பரீட்சை நாள் பார்த்துச் செயின் கழலும். மழை நின்ற பிறகு சாலையில் லாரி போனால் இன்னொரு குளியல்.

இதற்கெல்லாம் மேலே பேருந்துகள் வேறு. அந்தச் சாலையில் ஓடும் பேருந்துகளில் ஒன்றை ஓட்டுகிறவர் அவளுடைய அப்பா.

சைக்கிள் என்றாலே அப்பாவுக்குப் பயம். "சைக்கிள்ல போறவங்க எப்போ எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது" என்பார். தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தால் போதும், அவர் கை தானாக ஹாரனுக்குப் போய்விடும். அப்படிப்பட்டவரிடம் மூன்று மாதம் நச்சரித்துத்தான் டிரிங் இந்தச் சைக்கிளை வாங்கியிருந்தாள்.

விஷயம் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்தது.

பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு சைக்கிள் கடை இருக்கும் இடத்தில் சாலை குறுகிவிடும். ஒரு பக்கம் பேருந்துகள் உரசிக்கொண்டு போகும். இன்னொரு பக்கம் உயரமான நடைபாதை. நடுவில் ஒரு சைக்கிள் போகிற அளவுக்குத்தான் இடம். அந்த இடத்தில், மழைத்தண்ணீர் இறங்குவதற்காக ஒரு கம்பி மூடி பதித்திருந்தார்கள். நல்ல கனமான இரும்பு மூடி, சதுரமானது. போன மாதம்தான் அந்தச் சாலையில் இருக்கும் எல்லா மூடிகளுக்கும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதினார்கள். இதற்கு நாற்பத்தேழு.

டிரிங்கின் முன்சக்கரம் நாற்பத்தேழில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இறங்கியது. சைக்கிள் நின்றுவிட்டது. டிரிங் நிற்கவில்லை. ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். இரண்டு முட்டியும் சிராய்ந்துவிட்டன.

சைக்கிள் கடைக்காரர் ஓடி வந்து சக்கரத்தைப் பிடுங்கி எடுத்தார். அதில் விழுந்த கோணலை நிமிர்த்திக் கொடுத்தார். பிறகு மூடியைக் குனிந்து பார்த்தார்.

"அடடா, இது தப்பா கெடக்கு. கம்பி ரோட்டோட நீளவாக்குல இருந்தா சக்கரம் உள்ள போயிடும். குறுக்குவாக்குல இருந்தா மேலேயே ஏறிப் போயிடும். சதுரந்தானே, திருப்பிப் போட்டா முடிஞ்சுது."

கடப்பாரையால் நெம்பித் திருப்பியும் போட்டார். அந்த வாரம் முழுக்க நாற்பத்தேழின் மேல் டிரிங்கின் சக்கரம் கடகடவென்று சத்தம் போட்டபடி ஏறிப்போனது. வீட்டில் கேட்டபோது, "சின்னச் சிராய்ப்புதான்" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் மூடியைப் பார்க்கக்கூட இல்லை. அதுதான் சரியாகிவிட்டதே. மணியை அடித்துக்கொண்டே வந்தாள். சக்கரம் மறுபடியும் உள்ளே இறங்கியது.

இந்தத் தடவை அவள் விழுந்தது நடைபாதைப் பக்கம் இல்லை, சாலைப் பக்கம். பின்னால் பெரிதாக ஒரு பிரேக் சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தாள். மூன்றடி தள்ளி ஒரு பேருந்தின் முகப்பு நின்றது. அதற்கு மேலே, கண்ணாடிக்குப் பின்னால், அவளுடைய அப்பா.

அப்பா இறங்கி வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று டிரிங்குக்குத் தோன்றியது. அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொரு துகளாகத் தட்டிவிட்டார். அவளுக்கு அதுவரை அழுகை வரவில்லை, அதைப் பார்த்ததும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அப்பா சைக்கிளைத் தூக்கிக்கொண்டுபோய் மாடி அறையில் வைத்தார்.

"கடை மாமா போன வாரம் மாதிரியே இன்னைக்கும் மூடியைத் திருப்பிப் போட்டுட்டாருப்பா" என்றாள் டிரிங்.

"போன வாரமும் திருப்பித்தானே போட்டாரு? அப்புறம் எப்படி மாறிச்சு?"

"வெள்ளிக்கிழமை சுத்தம் பண்ண வர்றவங்க மாத்திடுறாங்களாம். மாமாதான் சொன்னாரு."

"அப்போ வர்ற வெள்ளிக்கிழமையும் மாத்துவாங்க. அவங்க சுத்தம் பண்ணிட்டுப் போன பிறகும் அந்த மூடி சரியா இருக்கணும். அதை நான் என் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் சைக்கிள் கிடையாது. என் பஸ்லயே வா."

அப்பாவின் பேருந்து முதல் நடையாகக் காலை ஆறு நாற்பதுக்குக் கிளம்பும்; எட்டு மணி நடையில் கூட்டம் படியில் தொங்கும் என்று அதில் அவளை ஏறவிடமாட்டார். பள்ளிக்கூடம் திறப்பது எட்டரைக்கு. டிரிங் தினமும் பூட்டிய வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காவலாளியே, "வேணும்னா சாவியை உங்கிட்டயே குடுத்துடட்டுமா, நீயே திறந்துக்கோ" என்று கேட்டுவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சைக்கிள் கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார்.

"டிரிங்கு, ஒரு புகார் எழுது. சுத்தம் பண்ண வர்ற ஆளு பொறுப்பில்லாம மூடியைக் கண்டபடி போட்டுட்டுப் போறாருன்னு எழுது. அவரோட சூப்பர்வைசர் கையில குடுத்தா, கூப்பிட்டு நல்லா கேப்பாரு."

அவர் சொல்லச் சொல்ல டிரிங் எழுதினாள். 'பொறுப்பில்லாத' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சைக்கிள் கடைக்கு வந்தாள். சுத்தம் செய்கிற அண்ணன் அப்போதுதான் நாற்பத்தாறை முடித்துவிட்டு நாற்பத்தேழுக்கு வந்திருந்தார். கையுறை மாட்டியிருந்தார். பக்கத்தில் சுவரோரமாக அவருடைய சைக்கிள் சாய்ந்திருந்தது, கேரியரில் வாளியோடு.

பொறுப்பில்லாத ஆள் எப்படி வேலை செய்வார் என்று பார்க்க டிரிங் ஒதுங்கி நின்றாள்.

அண்ணன் கொக்கியை மாட்டி மூடியைத் தூக்கினார். உள்ளே அடைத்திருந்த இலைகளையும் பைகளையும் வாரி எடுத்தார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி இறங்குகிறதா என்று பார்த்தார். மூடியின் ஓரத்தில் இருந்த வெள்ளை எண்ணை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு மூடியை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசியில் மெதுவாகக் குழியில் இறக்கினார். பிறந்த குழந்தையைத் தொட்டிலில் விடுகிறவர்கூட இவ்வளவு பதமாக விடுவாரா தெரியாது.

கம்பிகள் சாலையின் நீளவாக்கில் கிடந்தன.

"அண்ணா, ஏன் அப்படிப் போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே டிரிங் கிட்டே போனாள்.

"கிட்ட வராத பாப்பா, வழுக்கும். இந்த எடம் சரியில்ல. இங்க யாரோ ஒரு பொண்ணு ரெண்டு தடவை விழுந்துடுச்சாம். நானே இங்க சைக்கிளைத் தள்ளிட்டுத்தான் போறேன்."

"அந்தப் பொண்ணு நான்தான்."

அண்ணன் நிமிர்ந்து அவள் முட்டியில் இருந்த காயத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"மூடியைத் திருப்பிப் போட்டா யாரும் விழமாட்டாங்கண்ணா."

"முடியாதே பாப்பா. நம்பர் நடைபாதைப் பக்கம் இருக்கணும், அதுதான் ரூல். சூப்பர்வைசர் நடைபாதையில நடந்துக்கிட்டே நம்பரைப் படிச்சு டிக் போடுவாரு. நம்பர் தெரியலேன்னா அந்த மூடிக்கு வேலை நடக்கலேன்னு எழுதிடுவாரு."

டிரிங் பையில் கை விட்டாள். மடித்த தாள் விரலில் தட்டுப்பட்டது. இவரைப் போய்ப் பொறுப்பில்லாதவர் என்று மூன்று முறை எழுதியிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. இவர் பொறுப்பாக இருந்ததுதான் வம்பே.

திடீரென்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாற்பத்தாறுக்கு ஓடினாள். எண் நடைபாதைப் பக்கம்தான் இருந்தது. ஆனால் கம்பிகள் குறுக்குவாக்கில் இருந்தன. நாற்பத்தெட்டுக்கு ஓடினாள். அதுவும் அப்படியே. மூச்சு வாங்கத் திரும்பி வந்து நாற்பத்தேழின் முன்னால் உட்கார்ந்தாள். பையிலிருந்த தாளை எடுத்து, எழுதாத பக்கத்தில் மூன்று சதுரம் வரைந்தாள். கம்பிகளுக்குக் கோடு போட்டாள். எண்களை எழுதினாள்.

அந்த நேரத்தில் சூப்பர்வைசர் நடைபாதையில் வந்தார். கையில் அட்டை, காதில் பேனா, தோளில் பை.

"நாப்பத்தேழு, சரி" என்று டிக் போட்டார். பிறகுதான் டிரிங்கின் கையில் இருந்த தாளைக் கவனித்தார். "என்னம்மா அது, புகாரா?"

"இல்ல சார், படம்."

சைக்கிள் கடைக்காரர் கடைக்குள்ளிருந்து கண்ணால் ஏதோ ஜாடை காட்டினார். டிரிங் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இங்க பாருங்க சார். நாப்பத்தாறுல நம்பர் கம்பியோட முனைப் பக்கம் இருக்கு. நாப்பத்தெட்டுலயும் அப்படித்தான். நாப்பத்தேழுல மட்டும் நம்பரைக் கம்பியோட பக்கவாட்டுல எழுதியிருக்காங்க. அதனால நம்பரை உங்க பக்கம் திருப்பினா, கம்பி ரோட்டோட நீளவாக்குல வந்துடுது. சைக்கிள் சக்கரம் உள்ள போயிடுது."

"சக்கரம் இதுக்குள்ள எங்கம்மா போகும்" என்றார் சூப்பர்வைசர்.

அண்ணன் தன் சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தார். சூப்பர்வைசர் நடைபாதையிலிருந்து இறங்கி, அதை மூடியின் மேல் தள்ளினார். முன்சக்கரம் பொத்தென்று இறங்கியது. வாளி கழன்று உருண்டது. சக்கரத்தை வெளியே எடுக்க மூன்று பேரும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

சூப்பர்வைசர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படத்தை வாங்கி இன்னொரு தடவை பார்த்தார்.

"யார் சார் இந்த நம்பரை எழுதினாங்க?" என்று கேட்டாள் டிரிங்.

சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் இருமினார்.

"நான்தான். அன்னைக்கு இந்த எடத்துல நடைபாதை முழுக்க அட்டைப் பெட்டியா அடுக்கி வெச்சிருந்தாங்க. இந்தப் பக்கம் உக்கார எடமில்ல. அதான் பக்கவாட்டுல உக்காந்து எழுதினேன்."

"யாரோட பெட்டி சார்?"

மூன்று பேரும் திரும்பிச் சைக்கிள் கடையைப் பார்த்தார்கள். கடைக்காரர் சட்டென்று குனிந்து, விழாத ஒரு திருகாணியைத் தரையில் தேடத் தொடங்கினார்.

சூப்பர்வைசரின் பைக்குள்ளேயே சின்ன டப்பாவில் வெள்ளைப் பெயிண்டும் பிரஷும் இருந்தன. அண்ணன் மூடியைத் திருப்பிப் போட்டார். சூப்பர்வைசர் பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு, நடைபாதையில் உட்கார்ந்து புதிதாக எழுதினார். நாலை அவர் எழுதினார். ஏழு எழுத டிரிங் பிரஷைக் கேட்டாள். கொடுத்துவிட்டார். அந்த ஏழு கொஞ்சம் சாய்ந்துதான் வந்தது.

படம் வரைந்த தாளை அவர் அட்டையோடு வைத்துக்கொள்ளக் கேட்டார். டிரிங் பின்பக்கத்தில் இருந்த புகாரைக் கிழிக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் விழித்தாள். பிறகு, "வேற தாள்ல அழகா வரைஞ்சு தர்றேன் சார்" என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து வரைந்து கொடுத்தாள்.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா முழுவதையும் கேட்டார். பிறகு, "அடுத்த வெள்ளிக்கிழமை பாக்கலாம்" என்றார்.

அடுத்த வாரமும் டிரிங் பூட்டிய வாசலில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை வந்தது. அன்று பார்த்து அந்த அண்ணன் விடுப்பு. அவருக்குப் பதிலாக வேறு ஒருவர் வந்திருந்தார். புதியவர். அவருக்கு டிரிங்கையும் தெரியாது, நடந்ததும் தெரியாது. டிரிங் கடை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். போய்ச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை கால் எடுத்து வைத்தாள். சொல்லிவிட்டால் அப்புறம் அது சோதனையே இல்லை என்று தோன்றியது. நின்றுவிட்டாள்.

புதியவர் மூடியைத் தூக்கினார், வாரினார், தண்ணீர் ஊற்றினார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணைத் தேடினார். சாய்ந்த ஏழு கண்ணில் பட்டதும், அதை நடைபாதைப் பக்கம் திருப்பிக் குழியில் இறக்கினார்.

கம்பிகள் குறுக்குவாக்கில் கிடந்தன.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் பேருந்து வந்தது. சைக்கிள் கடைக்கு முன்னால் நிறுத்தமே கிடையாது. ஆனாலும் நின்றது. அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மூடியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்குப் போய்ச் சைக்கிளைக் கீழே இறக்கினார். டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுக் காற்றும் அடித்துவைத்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. டிரிங் சைக்கிள் கடையை நெருங்கினாள். எதிர்க்காற்று வழக்கம்போல அடித்தது. நாற்பத்தேழின் மேல் சக்கரம் கடகடவென்று ஏறி இறங்கியது. வாசலில் நின்ற கடைக்காரருக்கு ஒரு மணி அடித்தாள். அவர் கடை முன்னால் நடைபாதையில் ஒரு பெட்டிகூட இல்லை.

அவளுக்குப் பின்னால் ஒரு பேருந்து மெல்ல ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. குறுகலான இடம் முழுவதும் அது முந்தவும் இல்லை, ஹாரன் அடிக்கவும் இல்லை.

"என்ன ஓட்டுநரே, வண்டி நகரவே மாட்டேங்குது?" என்று கேட்டார் நடத்துநர்.

"முன்னாடி சைக்கிள் போகுதுல்ல" என்றார் அப்பா.