கோட்டைக்கு அடியில்

முற்றுகை முடிந்துவிட்டது, ஆனால் நிலவறைத் தரையில் வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீர் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

எதிரி மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினால் நீரில் வட்டம் விழும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் லாம்பெரின் வேலை. சிலுவைப் போருக்கென்று தம்பி அன்செலோடு ஐரோப்பாவின் பிளாண்டர்ஸிலிருந்து இந்தச் சிரியாக் கரைக்கு வந்தவன். இன்று விடியலில் சுல்தானின் படை கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. மேலே முற்றத்தில் ஆடு வேகும் மணமும் பாட்டும். கீழே ஈர மண்ணும் எலிப்புழுக்கையும் தீப்பந்தப் புகையும் கலந்த வீச்சம். அதற்குள், பல்லிடுக்கில் மணல் அரைபடுவதுபோல் ஒரு சுரண்டல்.

சக வீரன் கோஸ்லன் மது வாடையோடு படியிறங்கினான். "இன்னும் இங்கயே குந்தியிருக்கியா? அவனுங்க ஓடிட்டானுங்கடா! மேல வா, கறி தீர்ந்துடும்."

"தண்ணியைப் பாரு."

கோஸ்லனின் சிரிப்பு நின்றது. "எலியா இருக்கும்."

"தட்டி, தட்டி, அப்புறம் ஒரு இழுப்பு. நம்ம ஆளுங்க தோண்டுற தாளம்டா அது."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எதிரியின் சுரங்கத்தை மறிக்க இந்த நிலவறையிலிருந்து இவர்களும் ஒன்று தோண்டினார்கள். உள்ளே இரு தரப்பும் முட்டிக்கொண்டபோது, சுரங்க வாயை இடித்து மூடச் சொன்னான் தளபதி. அன்செலும் கூட்டாளிகளும் உள்ளேயே புதைந்துபோனார்கள். மாதங்கள் ஓடி, இப்போது கோதுமை அறுப்பே முடிந்துவிட்டது.

"செத்தவன் தோண்ட மாட்டான். எதையும் தொடாத. பாதிரியாரைக் கூட்டிட்டு வரேன்." கோஸ்லன் படிகளில் தடுமாறி ஓடினான்.

லாம்பெருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அடைத்த சுவரில் காதை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"அன்செல்?"

சுரண்டல் நின்றது.

கடப்பாரையை எடுத்தான். குத்தினான். கல் பெயர்ந்தது. மண் சரிந்தது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று. பந்தத்தை நீட்டினான்.

சுரங்கம் மேலிருந்த கோட்டைக் கோபுரத்தின் அடி முழுக்க அகன்றிருந்தது. அஸ்திவாரக் கற்களுக்கு முட்டுக்கொடுத்து ஆட்கள் நின்றார்கள். தோளோடு தோள். சிலுவை தைத்த சட்டை. பக்கத்தில் சுல்தான் படையின் ஒரு தலைப்பாகை. மறுபடி சிலுவை. கண்குழிகளில் மண். காலடியில் கொழுப்புப் பூசிய சுள்ளி, முழங்கால் உயரத்துக்கு. முட்டுகளைக் கொளுத்தினால் கோபுரம் இடிந்து உட்கார்ந்துவிடும். சுரங்கக்காரன் எவனுக்கும் தெரிந்த வித்தை.

மேலே பாட்டு ஓங்கியது. யாரோ கைதட்டினார்கள்.

அன்செல் திரும்பினான். வாய் நிறைய மண். அண்ணனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அருகே வந்தான். லாம்பெரின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்து, பந்தத்தை வாங்கிக்கொண்டான்.