பத்து நிமிடப் பிசகு

காதின் பின்னால் துயில்வில்லை இல்லாமல் சுகிர்தா வேலைக்குப் படியிறங்கியது ஏழு வருடங்களில் அன்றுதான் முதல் தடவை.

காலை ஆறு இருபது. லார்ச் குளோஸ் என்ற அந்த முட்டுத்தெருவில் பதினான்கு வீடுகள். அநேகமாக எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. கோட் போட்டவர்கள் வெளியே வந்தார்கள். கண்ணைத் திறந்தபடியே தூங்கிக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அந்தப் புள்ளியைக் கண்டால் வாகனங்கள் தாமாகவே நின்றுவிடும். காலடிச் சத்தத்தைத் தவிரத் தெருவில் வேறு சத்தமே இல்லை.

அந்தத் தெரு இருக்கும் ஹாசல்டன் ஊரிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் லண்டனில்தான் வேலை. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். உடம்புக்குத் தெரிந்த வழியை உடம்பே நடந்துகொள்ளட்டும், மனம் எதற்குக் கூடவே அலைய வேண்டும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியதில் வந்ததுதான் வழித்துயில். வாசலில் வில்லையை ஒட்டினால் அலுவலக மேசையில்தான் விழிப்பு வரும். இடையில் நடந்தது எதுவும் நினைவில் தங்காது. கால்கள் நடக்கும், கை கம்பியைப் பிடிக்கும், யாராவது இடித்தால் வாய் மன்னிப்புக் கேட்கும். அவ்வளவையும் பழக்கமே பார்த்துக்கொள்ளும்.

ஏழு வருடத்துக்கு ஒரு முறை வில்லையைக் கொடுத்துவிட்டுப் பதினான்கு நாள் விழித்தபடி போய்வர வேண்டும் என்பது சட்டம். விழிப்பு விடுப்பு என்று அதற்குப் பெயர். பெயர்தான் விடுப்பு, வேலைக்குப் போகத்தான் வேண்டும். முந்தைய நாள் வில்லையை ஒப்படைத்தபோது, படிவத்தில் 'குறைகள்' என்ற இடத்தில் சுகிர்தா எழுதியிருந்தாள்: தினமும் பத்து நிமிடம் பிந்துகிறது. 6.32 ரயிலுக்கு வெளிக்கிட்டும் 6.42இல்தான் ஏறுகிறேன். வழியைத் திருத்தித் தரவும்.

இப்போது நடக்கும்போது அவளுக்குக் கால் வலித்தது. தன் கால் இப்படித் தினமும் வலிக்கிறதா என்று யோசித்தாள். தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்குத்தானே வில்லை.

ஒன்பதாம் இலக்க வீட்டின் முன் ஒரு வெள்ளைக்கார மனிதர் படலைக் கதவில் சாய்ந்து நின்றார். எழுபது வயதிருக்கலாம். மதில்மேல் இரண்டு கோப்பைகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவளைக் கண்டதும் நீலக் கோப்பையை எடுத்து நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"பச்சைப் புள்ளியைக் காணோமே," என்றார். "ஓ. நீங்கள் விழித்திருக்கிறீர்கள்."

அவள் கோப்பையை வாங்கவில்லை. தன்னை அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, தன் பெயர் கிளைவ் என்றார். முப்பது வருடம் இதே ரயிலில் விழித்தபடி போனவராம். ஓய்வுபெற்ற பிறகும் அந்த நேரத்துக்கு எழும்பும் பழக்கம் போகவில்லையாம். மனைவி இறந்த வருடம், குப்பை எடுக்கும் நாள் ஒன்றில், அவருடைய தொட்டி காற்றில் விழுந்து நடைபாதையை மறித்துக் கிடந்திருக்கிறது. தூங்கி நடந்தவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்களாம். சுகிர்தா மட்டும் நின்று, தொட்டியை நிமிர்த்தி, உள்ளே உருட்டிக்கொண்டு போய் வைத்தாளாம்.

"அடுத்த நாளும் நின்றீர்கள். தொட்டி விழவில்லை, ஆனாலும் நின்றீர்கள். நான் தேநீர் கொடுத்தேன். நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள்."

"என்ன பேசினேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் மொழியில் அல்லவா பேசுவீர்கள். நான் என் மொழியில் பேசுவேன். ஐந்து வருடமாக நமக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை."

அவள் நேரத்தைப் பார்த்தாள். ரயிலுக்குப் போக வேண்டும் என்றாள். அவர் தலையாட்டினார். பிறகு, வாய்க்குள் நன்றாகப் பழகிப்போன ஒரு சொல்லைச் சொல்வதுபோல, அச்சு அசலாய் யாழ்ப்பாணத்து இழுவையோடு சொன்னார்:

"ஓம், போட்டு வாங்கோ."

ரயிலில் முழுப் பெட்டியும் பச்சைப் புள்ளிகளோடு தூங்கிக்கொண்டிருக்க, சுகிர்தா மட்டும் விழித்திருந்தாள். போய்வரச் சொல்லும் அந்தச் சொல்லை அவள் யாருக்கும் சொல்லி எவ்வளவு காலம்? கணவன் குகனும் அவளும் வாசலில் விடைபெறுவதில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்துக்கு வில்லையை ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். விடைபெறுகிற அளவுக்கு அங்கே யாரும் இருப்பதில்லை.

அன்று பின்னேரம் குகனிடம் சொன்னாள். அவன் சூப்பைக் கிண்டிக்கொண்டே சிரித்தான்.

"ஒரு வெள்ளைக்காரக் கிழவரோட தமிழில கதைக்கிறீரோ? என்னோடயே நீர் கதைக்கிறேல்லை."

சொன்ன பிறகுதான் அது பகிடியாக இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. கீழே குனிந்து சாப்பிட்டான். அவன் காற்சட்டையில் வழக்கம்போல வெள்ளை மயிர்கள் ஒட்டியிருந்தன. ரயிலில் யாருடைய நாயோ உரசியிருக்கும். வாரத்துக்கு மூன்று தடவை அவள் அதைத் தூரிகையால் தட்டிக்கொண்டே புறுபுறுப்பாள். அன்றைக்கும் தட்டினாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் ஒன்பதாம் இலக்கத்தில் நின்று பார்த்தாள். தேநீரை வாங்கிக் குடித்தாள். மழை பற்றிக் கதைத்தார்கள், அவருடைய இடுப்பெலும்புச் சிகிச்சை பற்றியும். அவள் மரியாதையாகக் கேட்டாள், அவர் மரியாதையாகப் பதில் சொன்னார். இடையில் விழுந்த மௌனங்களில் இரண்டு பேரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஒரு நாள் தமிழில் பேசிப் பார்க்க நினைத்தாள். 'நான்' என்று தொடங்கியதும் வெட்கமாகிவிட்டது. என்ன சொல்வது? தன்னிடம் சொல்வதற்கு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. உள்ளே கையை விட்டுத் துழாவினால் களைப்புத்தான் தட்டுப்பட்டது.

ஒன்பதாவது நாள் கிளைவ் தொண்டையைச் செருமினார்.

"தப்பாக நினைக்க வேண்டாம். உங்களில் ஒரு குறையும் இல்லை. அவள் எப்போது வருவாள் என்று கேட்கலாமா?"

அவளுக்கு முகம் சுட்டது. தன் முகத்தை, தன் கையை, தன் நாக்கை வைத்துக்கொண்டு இந்த மனிதரிடம் தன்னைவிட நன்றாகப் பழகியவள் ஒருத்தி இருக்கிறாள். அந்தத் தெருவில் ஏழு வருடமாக உண்மையில் குடியிருந்தவள் அவள்தான்.

வழியைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்ததை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருத்திவிட்டால் கால்கள் இங்கே நிற்காது. கிளைவ் கோபப்படவில்லை. இரண்டு கோப்பைகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார். பிறகு கைபேசியை எடுத்து, போன வசந்தத்தில் ஒரு நாள் அவள் பேசியதைப் பதிந்து வைத்திருப்பதாகச் சொன்னார். மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாராம். பிறகு அது அடுத்தவருடைய கடிதத்தைப் பிரிப்பது மாதிரி இருந்ததாம், விட்டுவிட்டாராம்.

"கடிதம் உங்களுடையது," என்று அதை அவளுக்கு அனுப்பினார்.

ரயிலில் காதுக்குள் வைத்துக் கேட்டாள். முதலில் குருவிச் சத்தம். பிறகு அவளுடைய குரல். ஆனால் அவசரமே இல்லாத குரல்.

"நேற்றும் சாப்பிடேக்க அவளும் குகனும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை, கிளைவ். கோபம் ஒண்டும் இல்லை. அவள் வேலையால வந்து கோட்டைக் கழட்டிப்போட்டு அப்பிடியே சுவரைப் பாத்துக்கொண்டு நிப்பாள். பாவம், அவளிட்ட ஒண்டும் மிச்சமில்லை. உங்கட ரோசாவில மூண்டு மொட்டு வந்திட்டுது, கண்டனீங்களோ? அவளுக்கு இந்தத் தெருவில ரோசா நிக்கிறதே தெரியாது."

கிளைவ் ஏதோ தன் மனைவியைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னார். அந்தக் குரல் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டது. கோப்பை மதிலில் வைக்கப்படும் சத்தம்.

"நான் இஞ்ச நிக்கிறதை மட்டும் அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அறிஞ்சால் இந்தப் பத்து நிமிசத்தையும் எடுத்துப்போடுவாள். சரி, போட்டு வாறன்."

சுகிர்தா அதைத் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த நிலையத்திலேயே இறங்கி, மேடையில் நின்றபடி வில்லைச் சேவை நிலையத்தை அழைத்தாள். திருத்தம் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றான் மறுமுனையில் ஒருவன். ரத்துச் செய்யச் சொன்னாள்.

"பிசகை அப்படியே திருப்பிப் போடச் சொல்கிறீர்களா? அதற்குக் காரணம் எழுத வேண்டும்."

"பழகிவிட்டது என்று எழுதுங்கள்."

பதினைந்தாம் நாள் காலை. வில்லை கையில் இருந்தது. வாசலில் நின்று ஒன்பதாம் இலக்கத்தைப் பார்த்தாள். இரண்டு கோப்பைகளும் மதிலில் இருந்தன. வில்லையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தானே அங்கே போய் நிற்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். போனால் மழையைப் பற்றித்தான் கதைப்பாள். வில்லையைக் காதின் பின்னால் ஒட்டினாள்.

மேசையில் விழித்தபோது மணி எட்டு ஐந்து. பத்து நிமிடம் பிந்தியிருந்தது. வாயில் தேநீர்ச் சுவை இருந்தது. கோட்டின் முதல் பொத்தான் துளையில், பிடியூசி குத்தி, ஒரு ரோசா. யார் குத்தியது? அவரா, அவளா? நன்றாகத்தான் போயிருக்க வேண்டும். சுகிர்தா கணினியைத் திறந்தாள்.

பின்னேரம் குகன் அந்தப் பூவைக் கவனிக்கவில்லை. அவனுக்கு அடுத்த மாதம் விழிப்பு விடுப்பு. மேசையில் படிவத்தை விரித்து வைத்து நிரப்பிக்கொண்டிருந்தான்.

"உம்மட பிசகைத் திருத்திப்போட்டாங்களோ?"

"ஏலாதாம்."

"எனக்கும் வரேக்க இருபது நிமிசம் போகுது. எங்க போகுதெண்டே தெரியேல்லை. எழுதிக் குடுத்தால் பாப்பாங்கள்."

அவள் அவனுடைய காற்சட்டையைத் தட்டுவதற்குத் தூரிகையை எடுத்து வந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே வெள்ளை மயிர்கள். உரசிப்போனது மாதிரி இல்லை. ஏதோ ஒன்று அவன் மடியில் தலை வைத்துப் படுத்திருந்ததுபோலத் தொடையிலும் அடர்த்தியாக இருந்தன. அவன் உள்ளங்கையில் காய்ந்த சேறு. இத்தனை வருடமும் அவள் தட்டிக் கொட்டியது என்ன என்று அப்போதுதான் பார்த்தாள்.

"என்னப்பா," என்றாள். "அதை எழுதாதேங்கோ."

"ஏன்?"

அவள் தூரிகையைத் திரும்பக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தாள்.