ராய் காஸ்பரின் தொப்பிக்கு மேல் ஒரு துளை

"கண்ணு போயிட்டிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டார். அது தெரிஞ்ச விஷயம். புத்தியும் சேர்ந்து போகுதான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்," என்றார் வெண்டல் காஸ்பர்.

ஹேஸல் ட்வோரக் வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, காபிக் கோப்பையின் காதை அவர் விரலில் படும்படி திருப்பி வைத்தார். ஹேஸல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்ற பெண்மணி. ஏரிக்கரை ஊரான ஈரியில் அவரிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் குறைவு என்று பேச்சு.

வெண்டல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் பேசினார். நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறப் பொட்டு. ஓரக்கண்ணால் பார்த்தால்தான் எதிரில் இருப்பவர் ஏதோ நிழலாகவாவது தெரிவார். சட்டைப் பையிலிருந்து ஆட்டக்காரர் படம் அச்சிட்ட ஒரு பேஸ்பால் அட்டையைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது என் அண்ணன் ராய். ஒரே ஒரு கோடைக்காலம் பெரிய டீம்ல பந்து வீசினான். கார்டு கம்பெனிக்காரங்க அவனை ஒரே ஒரு தடவைதான் அச்சடிச்சாங்க. எனக்கு அப்ப ஒன்பது வயசு. கட்டிலுக்கு மேல சுவத்துல குண்டூசியால குத்தி வச்சேன். அவன் சின்ன வயசுலயே போயிட்டான். வீட்ல வேற படம் கிடையாது."

"இதில் என்ன சந்தேகம்?" என்று கேட்டார் ஹேஸல்.

"இது என்னோடது இல்ல. தினமும் காலையில உறையிலேருந்து எடுத்துத் தடவிப் பாப்பேன். சிரிக்காதீங்க. தொப்பிக்கு மேல வானத்துல அந்தக் குண்டூசித் துளை இருக்கும். கட்டைவிரல் வச்சா பள்ளமா இருக்கும். இப்ப வச்சா மேடா இருக்கு, பரு மாதிரி. கூட்டாளிங்ககிட்ட சொன்னா, 'துளை அங்கேயே இருக்குடா, மூலையும் அதே மாதிரி மழுங்கித்தான் இருக்கு, உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு'ங்கறாங்க. எமெட் என் பொண்ணு மார்லாவுக்கு போன் போட்டு, எனக்கு ஞாபகம் தப்புதுன்னு சொல்லிட்டான். அவ டூசான்ல ஒரு முதியோர் இல்லத்துல எனக்கு ரூம் பாத்துட்டா. பாலைவனம்! அங்க போயி யாரோட கார்டு மாத்தறது, பல்லியோடயா?"

அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"இந்த அட்டை எப்போதாவது உங்கள் கையை விட்டுப் போனதா?"

"போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. ஹாரி லுட்விக்கோட கார்டு கடையிலதான் நாங்க நாலு பேரும் கார்டு மாத்திக்கக் கூடுவோம். ஹாரி, எமெட் ஸ்ட்ராண்ட், ஃபிலிஸ், நான். பாத்ரூம் போயிட்டு வந்தேன். உறை கிழிஞ்சிருக்கு, புதுசு போட்டுத் தரேன்னு ஹாரி சொன்னான். ரெண்டு நாள் அவன்கிட்ட இருந்துச்சு. எமெட்தான் வாங்கிட்டு வந்து குடுத்தான்."

அட்டையை விட்டுவிட்டுப் போகும்படி ஹேஸல் கேட்டுக்கொண்டார். வெண்டல் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பஸ் ஏறிப் போனார்.

கீழ்வீட்டில் குளிர்பதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கிளீட்டஸ், வெண்டலின் பஸ் தெரு திரும்புவதற்குள் மேலே வந்துவிட்டான். பேஸ்பால் அட்டை என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். ஹேஸலின் வழக்கு என்றால் கடையையே பூட்டிவிடுவான்.

"போலி, பாஸ்! பாக்காமலே சொல்றேன். இப்பல்லாம் அப்படியே அச்சடிச்சு விக்கிறாங்க," என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஊதா நிற விளக்கை எடுத்தான். "இந்த வெளிச்சத்துல புதுக் காகிதம் வெள்ளையா மின்னும். பழசு மின்னாது."

திரையை இழுத்துவிட்டு விளக்கைக் காட்டினான். அட்டை மங்கலாகவே கிடந்தது. கிளீட்டஸின் முகம் தொங்கிப்போனது.

"அசல்தான். அந்தக் காலத்து அட்டையேதான். அப்ப பாவம், கிழவருக்கு நிஜமாவே..."

"அவசரப்படாதே. இதே அட்டை அந்த வருடம் எத்தனை அச்சாகியிருக்கும்?"

"ஆயிரக்கணக்குல. பேர் தெரியாத பிளேயர்தானே, யாரும் சீண்ட மாட்டாங்க. இதை மாத்தி ஒரு காபி வாங்க முடியாது."

"அப்படியானால் அசலாகவும் இருக்கலாம், அவருடையதாக இல்லாமலும் இருக்கலாம்," என்று ஹேஸல் பூதக்கண்ணாடியை நீட்டினார். "மூலைகளைப் பார்."

கிளீட்டஸ் குனிந்தான். "மழுங்கியிருக்கு. ஆனா கோடு கோடா... எல்லாம் ஒரே பக்கமா போகுது. கைபட்டுத் தேஞ்சது இப்படி இருக்காது. உப்புத்தாளால உரசியிருக்கான்!" நிமிர்ந்து அவரைப் பார்த்தான். "பாஸ், கெட்டுப்போன கார்டை நல்லது மாதிரிக் காட்டற பயலுங்களை நிறையப் பாத்திருக்கேன். நல்ல கார்டைக் கெடுக்கறவனை இப்பதான் பாக்கறேன்."

"துளை?"

"இது பின்பக்கத்துலேருந்து குத்தினது. அதான் முன்பக்கம் விளிம்பு எழும்பி நிக்குது. அப்பறம்... இது வட்டமாவே இல்ல. பிறை மாதிரி, நகம் பட்ட மாதிரி இருக்கு."

ஹேஸல் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. "திருடன் எடுத்துக்கொண்டு ஓடுவான். இவ்வளவு சிரமப்பட்டு அதே மாதிரி இன்னொன்றை வைத்துவிட்டுப் போகமாட்டான்," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஏரியிலிருந்து வந்த காற்று லுட்விக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தது. உள்ளே நீளமான மேஜையில் அட்டைகள் பரப்பியிருந்தன. நடுவில் டோனட் பெட்டி. வெண்டல் இன்னும் வரவில்லை.

ஹேஸலோடு வந்த கிளீட்டஸ் இரண்டு அட்டைகளைக் காட்டிப் பேரம் பேசுவதுபோல் நடித்து, அடுத்த நிமிடம் உண்மையாகவே பேரத்தில் மூழ்கிவிட்டான்.

"ரெண்டு ஒண்ணுக்கும் உதவாதவனைக் குடுத்து என் கேட்சர் கார்டைத் தட்டிட்டுப் போகலாம்னு பாக்கறியா? போடா, போயி ஃபிரிட்ஜைக் கழுவு!" என்று விரட்டினார் ஃபிலிஸ். முன்பு பள்ளியில் சமையல்காரியாக இருந்தவர்; குரல் இன்னும் முந்நூறு பிள்ளைகளை அடக்கும். பேசிக்கொண்டே சிறிய ஊசிக்குழலை எடுத்து, ஸ்வெட்டரைச் சற்று விலக்கி வயிற்றில் குத்திக்கொண்டார். "சர்க்கரைக்கு ஒரு குத்து, டோனட்டுக்கு ஒரு கடி. பேனா மாதிரி புதுசெல்லாம் வந்திருக்கு. எனக்குப் பழசுதான் பழக்கம்."

ஹேஸல் அவரிடம் வெண்டலின் அட்டையைப் பற்றிக் கேட்டார். ஃபிலிஸின் கை டோனட் மேல் நின்றது.

"அதே கார்டுதான். மூலை, துளை, எல்லாம் இருந்த இடத்துல இருக்கு."

கல்லாவுக்குப் பின்னால் நின்ற ஹாரி லுட்விக், கேள்வி முடியும் முன்பே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதே கார்டுதான், மேடம். மூலை, துளை, எல்லாம் இருந்த இடத்துல இருக்கு. உறையை மட்டும்தான் மாத்தினேன்."

எமெட் ஸ்ட்ராண்ட் வெண்டலைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். நெட்டையான மனிதர், வெண்டலின் அறுபது வருட நண்பர். நண்பரை மேஜையருகே உட்கார வைத்துவிட்டு, ஹேஸல் கேட்டதற்கு அவரும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அதே கார்டுதான். மூலை, துளை, எல்லாம் இருந்த இடத்துல இருக்கு. அவனுக்குத்தான், பாவம்..."

ஹேஸல் கடைக் கதவின் பலகையை 'மூடியிருக்கிறது' என்று திருப்பி வைத்தார். பிறகு மேஜைக்கு வந்து, அட்டையை வெண்டலின் முன் வைத்தார்.

"மிஸ்டர் காஸ்பர், உங்கள் கேள்விக்கு முதலில் பதில். உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. இது உங்கள் அட்டை இல்லை."

வெண்டல் மூச்சை மெல்ல விட்டார்.

"மூன்று பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள், ஒரு சொல் மாறாமல். உண்மையைச் சொல்பவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். இது சேர்ந்து உட்கார்ந்து மனப்பாடம் செய்தது." ஹேஸலின் குரல் உயரவில்லை. "அட்டை அசல், அதே வருடத்தது. யாரும் சீண்டாத இந்த அட்டையை இரண்டு நாளில் தேடி எடுக்க வேண்டுமென்றால் பெட்டி பெட்டியாக அட்டை வைத்திருப்பவரால்தான் முடியும். அது மிஸ்டர் லுட்விக். துளை பிறை வடிவத்தில் இருக்கிறது. குண்டூசி குத்தினால் வட்டமாக விழும். முனை சாய்வாக வெட்டிய, உள்ளே குழாயுள்ள ஊசிதான் பிறையாக வெட்டும். அந்த ஊசி இந்த மேஜையில் ஒருவரிடம்தான் இருக்கிறது."

ஃபிலிஸ் கையிலிருந்த டோனட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

"மூலைகளை உரசியவர் எந்த மூலை எவ்வளவு தேய்ந்திருந்தது என்று பழகித் தெரிந்தவர். மிஸ்டர் காஸ்பரிடம் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். இதில் யாருக்கும் ஒரு காசு லாபமில்லை. லாபமில்லாமல் மூன்று பேர் இத்தனை பாடுபட்டால் ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். பழைய அட்டைக்கு ஏதோ ஆகிவிட்டது. அதைச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை."

எமெட் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த சத்தத்தை வைத்து வெண்டல் அந்தப் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்ரூம் போயிருந்தேடா," என்றார் எமெட். "உன் கார்டை எடுத்துப் பாத்துட்டிருந்தேன். முழங்கை பட்டு காபி சாஞ்சிடுச்சு. பதறிப்போயி நாப்கின் எடுத்துத் தொடச்சேன். தொடச்சிருக்கவே கூடாது. மேல் தாள் கொஞ்சம் உரிஞ்சு வந்துடுச்சு. நீ வர்ற கைத்தடி சத்தம் கேட்டுச்சு. என்ன சொல்றதுன்னு தெரியல."

"காபி கொட்டிடுச்சுடான்னு சொல்லியிருக்கலாம்," என்றார் வெண்டல்.

"உன்னால பாக்க முடியாதே, அதனால தெரியாமலே போகட்டும்னு..."

"நான்தாம்ப்பா சொன்னேன், வேற கார்டு இருக்குன்னு," என்றார் ஹாரி. ஃபிலிஸ் அழுதுகொண்டிருந்தார்.

"அது சரி. கார்டு போனா போகட்டும்." வெண்டல் தலையை நிமிர்த்தினார். "கார்டு மாறியிருக்குன்னு தெரிஞ்சு கேட்டேனே, எமெட். உன்னை நேராக் கேட்டேனே. ரெண்டு வாரமா ராத்திரியெல்லாம் என் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு பயந்து செத்தேன். நீ மார்லாவைக் கூப்பிட்டு எனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சுன்னு சொல்லியிருக்கே."

எமெட் பணப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. பிரித்து, உள்ளே இருந்ததை வெண்டலின் கையில் வைத்தார்.

அட்டை வளைந்து, உப்பி, பிஸ்கட் போல் ஆகியிருந்தது. வெண்டலின் கட்டைவிரல் மேலே ஊர்ந்து போய் ஓரிடத்தில் நின்றது.

"இதுதான்," என்றார். பிறகு, "ராய் முகம் எப்படி இருக்கு?"

"இருக்குடா," என்றார் எமெட் சட்டென்று. "கறை பட்டிருக்கு, அவ்வளவுதான். முகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

வெண்டல் முகத்தைச் சாய்த்து, ஓரக்கண்ணை ஹேஸல் பக்கம் கொண்டுவந்தார். "நீங்க சொல்லுங்க."

ஹேஸல் தம் வேலையில் எரிந்துபோன வீடுகளின் வாசலில் நின்று எத்தனையோ பேருக்கு இன்னது மிஞ்சியது, இன்னது மிஞ்சவில்லை என்று சொன்னவர். இப்போதும் அப்படியே சொன்னார்.

"தொப்பி இருக்கிறது. ஒரு தோள் இருக்கிறது. முகம் இல்லை, மிஸ்டர் காஸ்பர். அந்த இடத்தில் வெறும் அட்டைதான் இருக்கிறது."

"சரி," என்றார் வெண்டல். "மார்லாவைக் கூப்பிடு, எமெட். எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை."

எமெட் கைபேசியில் கூப்பிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மறுமுனையில் அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டாள்.

"சொன்னதுக்கு தேங்க்ஸ், அங்கிள். அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன். நான் சரியாத்தான் இருக்கேன், மார்லா."

"தெரியும்ப்பா. ஞாபகம் தப்புதுன்னு அங்கிள் சொன்னப்பவே நான் பாதிதான் நம்பினேன். நான் ரூம் பாத்தது அதுக்காக இல்ல. உங்க கண்ணுக்காக. அடுப்பைத் தனியா எப்படிப்பா பத்த வைப்பீங்க? பனி கொட்ட ஆரம்பிச்சா படியில எப்படி இறங்குவீங்க? நான் இங்க வேலையை விட்டுட்டு வர முடியாது. வேற வழி இருந்தா சொல்லுங்கப்பா, கேக்கறேன்."

வெண்டல் வாயைத் திறந்தார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் காத்திருந்தார்கள். கிளீட்டஸ் ஹேஸலைப் பார்த்தான், ஏதாவது சொல்லுங்கள் என்பதுபோல். ஹேஸலிடம் இதற்கு எந்தப் பூதக்கண்ணாடியும் இல்லை.

"அப்பறம் பேசறேம்மா," என்றார் வெண்டல்.

அட்டையைப் பொட்டலத்தோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். நல்ல அட்டையை ஹாரி நீட்டியபோது வேண்டாமென்று தலையசைத்தார். கைத்தடியை எடுத்துக்கொண்டு காற்றில் இன்னொரு கையை நீட்டினார். வழக்கம்போல அங்கே எமெட்டின் முழங்கை வந்து நின்றது. அவர் ஒரு கணம் தயங்கி, அதைப் பிடித்துக்கொண்டார். அவர் வந்ததும் எமெட்டின் காரில்தான்.

"நான் கொண்டுபோய் விடறேன், சார்," என்று கிளீட்டஸ் முன்னால் வந்தான்.

"எதுக்குப்பா? எங்க ரெண்டு பேர் வீடும் பக்கத்துப் பக்கத்துலதான்," என்றார் வெண்டல்.

ஹேஸல் கதவைத் திறந்து பிடித்தார். குளிர்காற்று உள்ளே வந்து மேஜையிலிருந்த அட்டைகளைப் புரட்டியது.

"பாத்துடா, இங்க ஒரு படி," என்றார் எமெட்.

வெண்டல் நின்றார். கைத்தடியை முன்னால் நீட்டித் தட்டிப் பார்த்தார். அது போதாமல் வலது காலையும் நீட்டி, ஷூ முனையால் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

படி இருந்தது. இறங்கினார்.