மதில் தாண்டிய பெட்டி

மாபெலின் பெட்டி ரொட்டிக்காரர் வேனில்தான் வந்தது. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் மார்ஷ்பி கிராமத்துக்கு அன்றைக்கு வேறு வண்டி கிடைக்கவில்லை. பின்கதவைத் திறந்ததும் மாவு வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. என் புருஷன் சேத் அதை ஒற்றை ஆளாகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். ஆறு வயதுப் பிள்ளை, தொண்டை அடைப்பான் நோய்.

அவள் அம்மா லாட்டி எனக்கு அடுத்த வீட்டுக்காரி. போருக்குப் போன புருஷன் திரும்பவில்லை. இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். அதுவும் போயிற்று.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்பதா, பயம் என்பதா, எனக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் அதன் வாசலுக்குக் காவல். அடுத்த பெட்டி வரும்வரை மழையானாலும் பனியானாலும் நிற்க வேண்டும். புதியவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, காவலையும் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் போய்ப் படுக்கலாம். சாதாரணமாக யாரும் அதிக நாள் நிற்க வேண்டியிருக்காது. ஒரு குளிர்காலம் வந்தால் போதும், எங்கள் ஊரில் ஆள் விழும்.

ஆனால் அந்த வருஷம் தோட்டம் நிரம்பிவிட்டது. சனிக்கிழமையிலிருந்து இங்கே யாரையும் புதைக்கக் கூடாது, இனி எல்லாரும் டவுன் இடுகாட்டுக்குத்தான் என்று மேலிடத்து உத்தரவு. வெள்ளிக்கிழமையோ இரண்டு அடக்கம். ஒன்று மாபெல். இன்னொன்று ஜேபெஸ் தர்லோ, பண்ணைக்காரக் கிழவன். இரண்டாவதாக உள்ளே போகிறவர் என்றென்றைக்கும் அந்த வாசலில் நிற்க வேண்டியதுதான். அடுத்தது என்று யாரும் வரப்போவதில்லை.

லாட்டி என் சமையலறைக்கு வந்து என் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டாள்.

"எஃபி, எம் பொண்ணுக்கு இருட்டுன்னா பயம்டி. மெழுகுவத்திய அணைச்சாலே அழுவா. அவள அங்க நிக்க வச்சிராதீங்கடி."

"பைத்தியக்காரி, யாரு நிக்க வைக்கப்போறா? மொதல்ல மாபெல், அப்புறந்தான் அந்தக் கெழவன். நல்லா நிக்கட்டும். ஊர்ல ஒரு நாயயாவது அடிக்காம விட்டானா அவன்?"

வெள்ளிக்கிழமை மதியம் சதுப்பு நிலத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பாதிரியாரின் கார் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது. நாங்கள் பெட்டியோடு சந்தில் திரும்பினோம். எதிர்ப்பக்கம் டிராக்டர் சத்தம். தர்லோ மகன்கள் இருவரும் சொன்ன நேரத்துக்கு முன்பே அப்பனை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"வெக்கங்கெட்டவனுங்களா! பச்சப் புள்ளயோட போட்டியா?" என்று கத்தினேன்.

"எங்கப்பன் மட்டும் நிக்கணுமா? நீ வந்து நில்லேன்!" என்றான் மூத்தவன்.

அப்புறம் என்ன, ஓட்டம்தான். கறுப்பு உடுப்பில் ஊரே ஓடியது. தொப்பி பறந்தது, பூவளையம் சேற்றில் விழுந்தது, நானும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆனால் டிராக்டர் முந்திக்கொண்டு வாசலை அடைத்து நின்றது. மகன்கள் பெட்டியை இறக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் லாட்டி கத்தினாள். "சேத்! சுவத்து மேல குடு! சுவத்து மேல!"

தோட்டத்து மதில் இடுப்பு உயரம்தான். சேத் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இரண்டு பேர் உள்ளே குதித்தார்கள், இவன் பெட்டியை எடுத்து நீட்டினான், அவர்கள் வாங்கித் தரையில் வைத்தார்கள். ஜேபெஸின் பெட்டி வாசலைத் தாண்டியது அதற்குப் பிறகுதான்.

"முந்திட்டா! எம் பொண்ணு முந்திட்டா!" லாட்டி சிரித்தாள். சிரித்தபடியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

ஒரு வாரத்தில் ஜேபெஸ் காவலுக்கு வந்துவிட்டது தெரிந்தது. வாசல் பக்கம் போனால் அவன் குழாய்ப் புகையிலை வாசனை. சளி கட்டிய அந்த இருமல். நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போயின. "நல்லா நில்லுடா கெழவா," என்று போகிறபோதும் வருகிறபோதும் சொல்லிவிட்டு நடப்பேன்.

பிறகு மதிலின் பாசியில் ஒரு தடம் பார்த்தோம்.

சின்னக் கை. ஐந்து விரலும் பதிந்திருந்தது.

வெளிப்பக்கத்தில்.

மறுநாள் அதற்குப் பத்தடி தள்ளி இன்னொன்று. அடுத்த நாள் தேவாலயத்தின் பின்னால். யாரோ மதிலைத் தடவிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்திருந்தார்கள், உள்ளே போக வழி தேடி.

லாட்டி அந்தத் தடத்தின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தாள். அவள் முகம் சாம்பலாகிவிட்டது.

"வாசல் வழியா வரல எஃபி. அவள யாருமே உள்ள விடல. நாந்தானே சொன்னேன், சுவத்து மேல குடுன்னு."

பெட்டியை எடுத்து வாசல் வழியாகக் கொண்டுவரலாமா என்று பாதிரியாரிடம் கேட்டோம். கல்லறையைத் தோண்ட லண்டனிலிருந்து அனுமதி வேண்டும், இந்தக் காரணத்தை எழுதினால் சிரிப்பார்கள் என்றார்.

ஒரு சாயங்காலம் லாட்டி மதிலோரமாகப் போய் நின்று, கையைக் கீழே தொங்கவிட்டு, "வாடி கண்ணு, அம்மா கூட்டிட்டுப் போறேன்," என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் விரல்கள் மெல்ல மடங்கின. எதையோ பிடித்துக்கொண்டன.

அப்படியே வாசலுக்கு நடந்தோம். நான் முன்னால் போய்க் கொண்டியைத் தூக்கினேன். லேசாகத் தூக்க வந்தது. கதவும் திறந்தது. லாட்டி ஒரு அடி எடுத்து வைத்தாள்.

புகையிலை வாசனை.

கதவு என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாத்திக்கொண்டது. கொண்டி தானாக விழுந்தது.

"ஜேபெஸ் ஐயா," லாட்டி கெஞ்சினாள், "புள்ளைய உள்ள விடுங்க. நான் உங்க கால்ல விழறேன்."

உள்ளேயிருந்து இருமல். பிறகு, மிக மெதுவாக, கம்பிகளுக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேராக:

"சுவரேறிக் குதிச்சவளுக்கு ஏது வாசல்?"

நான் ஓடினேன். லாட்டி ஓடவில்லை. அந்தக் கையை இழுத்துக்கொண்டு ஓட அவளுக்கு மனசு வரவில்லையாம். மெதுவாக நடந்தே வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

அதற்கப்புறம் சாகும்வரை அவள் இடது கையால்தான் எல்லாம் செய்தாள். கடைக்கு வந்தாலும், தேவாலயத்தில் பாட்டுப் பாடினாலும் வலது கை பக்கவாட்டில் கொஞ்சம் விலகித் தொங்கும். படுக்கையறையில் மெழுகுவத்தி விடிய விடிய எரியும். புதிதாகக் குடிவந்தவர்கள் வாதம் என்று நினைத்தார்கள். 

அவள் செத்ததும் டவுனிலிருந்து வந்த அடக்கக்காரர்கள் குளிப்பாட்டி, உடுத்தி, இரண்டு கையையும் சேர்த்து மார்பின் மேல் மடித்து வைத்தார்கள். ஒழுங்காக, அழகாக. நான் அங்கேதான் நின்றிருந்தேன். பிள்ளை பிடித்திருந்த கை அது என்று எனக்கு உறைக்கவே இல்லை. கார் புறப்பட்டுப் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது மதிலோரமாக வந்தேன். பனி இல்லை, நல்ல வெயில். என் வலது உள்ளங்கைக்குள் ஏதோ நுழைந்தது. சில்லென்று, சின்னதாக, ஈரமாக.

நான் உதறவில்லை. உதற முடியவில்லை என்று சொன்னால் பொய். பாவம், அது யாரிடம் போகும்?

வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த விரல்கள் வளரவே இல்லை. இப்போது என் இருதயம் சரியில்லை என்கிறார் டாக்டர். அதனால் நேற்று டவுனுக்குப் போய் அடக்கக்காரனைப் பார்த்தேன். சின்னப் பையன்தான், மரியாதை தெரிந்தவன்.

"என் வலது கைய மடிக்காதப்பா," என்றேன். "பக்கத்துல தொங்க விடு. பெட்டில அந்தப் பக்கம் கொஞ்சம் எடம் விடு. இடுகாட்டு வாசல் வழியாத்தான் கொண்டுபோகணும். அவசரப்படாம நடங்க."

"மடிச்சு வைக்கிறதுதாங்க மொறை," என்றான் சிரித்துக்கொண்டே. "மடிக்கலேன்னா மூடி சாத்தாது. கவலப்படாதீங்க, நாங்க அழகா மடிச்சிருவோம்."

என் விரல்கள் நொறுங்குகிற மாதிரி அந்தச் சின்னக் கை இறுக்கியது.